பருமன் இரட்டித்தது, வேலை எவ்வளவு?

ஓர் உருளைக்குள் ஒரு மோல் ஹீலியம் அடைபட்டிருக்கிறது. வெப்பநிலை 300 கெல்வின். அழுத்தம் 1,00,000 பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பருமன் கிட்டத்தட்ட 25 லிட்டர். உருளையின் வாயை அடைத்திருக்கும் பிஸ்டன் மெல்ல நகர்கிறது. பருமன் 50 லிட்டராகிறது. வாயு செய்த வேலை எவ்வளவு?

மாணவர்கள் பலர் உடனே ஒரு சூத்திரத்தை எடுத்து எண்களைப் போட்டுவிடுவார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு இப்படியே விடை சொல்ல முடியாது. 1,729 ஜூல் என்பதும் சரியாக இருக்கலாம், 2,494 ஜூல் என்பதும் சரியாக இருக்கலாம். வாயு எங்கே தொடங்கியது, எவ்வளவு விரிந்தது என்பது மட்டும் போதாது. எந்த வழியில் விரிந்தது என்பதும் தெரிய வேண்டும். முதல் விடை வெப்பநிலை மாறா நிகழ்வுக்கு உரியது. இரண்டாவது அழுத்தம் மாறா நிகழ்வுக்கு உரியது.

இந்த இரண்டையும் பெயரை வைத்தே பிரித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஒன்றில் வெப்பநிலை நிலையாக இருக்கிறது, மற்றதில் அழுத்தம். ஆனால் எது மாறவில்லை என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அடுத்த படியிலேயே தடுமாறுகிறார்கள். அதை மாறாமல் பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்டுப் பழகியவர்களுக்கு மீதியெல்லாம் தானாக வந்துவிடும்.

மூன்று அளவுகள், ஒரு சமன்பாடு

மூலக்கூறுகள் இடத்தை அடைப்பதில்லை, ஒன்றையொன்று ஈர்ப்பதுமில்லை என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது நல்லியல்பு வாயு. அறை வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில், ஹீலியம் இந்தக் கற்பனைக்கு மிக அருகில் நடந்துகொள்கிறது. அதன் விதி எளிது: அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால், மோல் எண்ணிக்கை, 8.314, கெல்வின் வெப்பநிலை ஆகிய மூன்றின் பெருக்கல் கிடைக்கும்.

வாயுவின் அளவு மாறாதபோது மீதமிருப்பவை அழுத்தம், பருமன், வெப்பநிலை மூன்றுதான். ஒன்றை நிறுத்தி வைத்தால் மற்ற இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டு நகரும். வெப்பநிலையை நிறுத்தினால் அழுத்தமும் பருமனும் எதிர்த் திசையில் போகும். ஒன்று இரட்டித்தால் மற்றது பாதியாகும். அழுத்தத்தை நிறுத்தினால் பருமனும் வெப்பநிலையும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். முதலாவது பாயில் விதி, இரண்டாவது சார்லஸ் விதி.

நல்லியல்பு வாயுவுக்கு இன்னொரு பண்பும் உண்டு. அதன் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பு இல்லாததால், அவை நெருங்கி இருந்தாலும் விலகி இருந்தாலும் ஆற்றலில் வேறுபாடு இல்லை. எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பது மட்டுமே கணக்கு. 1845-ல் ஜேம்ஸ் ஜூல் ஒரு கலத்தில் அழுத்தி அடைத்த காற்றை வெற்றிடமான இன்னொரு கலத்துக்குள் பாயவிட்டு, இரண்டையும் சூழ்ந்திருந்த நீரின் வெப்பநிலை மாறுகிறதா என்று பார்த்தார். மாற்றம் எதுவும் அவருக்குப் புலப்படவில்லை. இனி வரும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம்.

உருளைக்கு வெளியே பாருங்கள்

வெப்பநிலை மாறா நிகழ்வை நடத்த வேண்டுமானால், வெப்பம் எளிதில் கடக்கும் மெல்லிய உலோகச் சுவர் கொண்ட உருளை வேண்டும். அதை 300 கெல்வினில் உள்ள பெரிய நீர்த் தொட்டியில் அமிழ்த்த வேண்டும். உருளையைச் செங்குத்தாக நிறுத்தி, பிஸ்டனுக்கு மேலே உள்ள காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, வாயுவின் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு மணலைக் குவிக்கிறோம். பிறகு மணலைத் துகள் துகளாக எடுக்கிறோம். ஒவ்வொரு துகள் குறையும்போதும் வாயு ஒரு மயிரிழை விரிகிறது. பிஸ்டனைத் தள்ளிய உழைப்பால் மூலக்கூறுகள் சற்றே வேகம் இழக்கின்றன. உடனே தொட்டி நீரிலிருந்து வெப்பம் உள்ளே வந்து அந்த இழப்பை நிரப்பிவிடுகிறது. தொட்டி பெரிதென்பதால் அதன் வெப்பநிலை குறிப்பிடும்படி இறங்குவதில்லை. இங்கே வெப்பநிலையைப் பிடித்து வைத்திருப்பது அந்த நீர். இயற்பியலில் இதற்கு வெப்பத்தேக்கம் என்று பெயர்.

அழுத்தம் மாறா நிகழ்வுக்கு மணலைத் தொடவே கூடாது. தொட்டியை அகற்றிவிட்டு உருளையின் அடியில் மெல்லச் சூடேற்றுகிறோம். வாயு சூடாகிறது, பிஸ்டன் உயர்கிறது. பிஸ்டனுக்கு மேலே உள்ள பாரம் கூடவுமில்லை குறையவுமில்லை. பிஸ்டன் தடையில்லாமல் நகர்கிறது. ஆகவே உள்ளே இருக்கும் வாயு அதே அழுத்தத்தோடுதான் அந்தப் பாரத்தைத் தாங்கியாக வேண்டும். இங்கே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது மேலே உள்ள பாரம். வெப்பநிலையைப் பிடித்து வைக்க யாரும் இல்லை. அது ஏறிக்கொண்டே போகிறது.

உருளையும் பிஸ்டனும் வாயுவும் இரண்டிலும் அவையேதான். ஒன்றில் பாரத்தைக் குறைக்கிறோம், வெப்பம் தானாக வருகிறது. மற்றதில் வெப்பத்தைக் கொடுக்கிறோம், பாரம் அப்படியே இருக்கிறது.

பழைய சோதனைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ராபர்ட் பாயில் 1662-ல் தன் விதியை வெளியிட்டபோது பயன்படுத்தியது ஒரு முனை மூடிய வளைந்த கண்ணாடிக் குழாய். பாதரசத்தை ஊற்ற ஊற்ற, மூடிய முனையில் அடைபட்ட காற்று நெருங்கியது. அமுங்கும் காற்றில் தோன்றும் சூடு கண்ணாடிச் சுவர் வழியே அறைக்குப் போய்விடும். அங்கே வெப்பத்தேக்கம் அந்த அறையே. ஜாக் சார்லஸ் கண்டறிந்து வெளியிடாமல் வைத்திருந்த விதியை, 1802-ல் கே-லூசாக் தன் சோதனைகளுடன் வெளியிட்டு, சார்லஸின் பெயரையும் குறிப்பிட்டார். அதில் வாயு சூடாகும்போது மாறாமல் இருக்க வேண்டியது அழுத்தம்.

வரவும் செலவும் இருப்பும்

வெப்ப இயக்கவியலின் முதல் விதியை வீட்டுக் கணக்கு நோட்டுப் போலப் படிக்கலாம். உள்ளே வரும் வெப்பம் வரவு. வாயு வெளியே செய்யும் வேலை செலவு. அக ஆற்றல் கையிருப்பு. வரவில் செலவு போக மிஞ்சுவது இருப்பில் சேரும். நல்லியல்பு வாயுவில் கையிருப்பைக் காட்டும் முள் வெப்பநிலை.

வெப்பநிலை மாறா விரிவில் முள் நகரவில்லை. இருப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்படியானால் வந்த வெப்பம் அத்தனையும் வேலையாகச் செலவாகிவிட்டது. நம் ஹீலியம் 25 லிட்டரிலிருந்து 50 லிட்டருக்குப் போகும்போது அழுத்தம் 1,00,000 பாஸ்கலில் இருந்து 50,000 பாஸ்கலுக்குப் படிப்படியாக இறங்குகிறது. தள்ளும் விசை குறைந்துகொண்டே போவதால் வேலையை நேரடிப் பெருக்கலாகக் கணக்கிட முடியாது. மடக்கை வந்து சேர்கிறது. 8.314, 300, இரண்டின் இயல் மடக்கையான 0.6931 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 1,729 ஜூல். நீரிலிருந்து உள்ளே வந்த வெப்பமும் மிகச் சரியாக அதே 1,729 ஜூல்.

அழுத்தம் மாறா விரிவில் தள்ளும் விசை கடைசிவரை குறைவதில்லை. அழுத்தத்தைப் பருமன் கூடுதலால் பெருக்கினால் போதும்: 2,494 ஜூல். ஆனால் பருமன் இரட்டிக்க வெப்பநிலையும் இரட்டிக்க வேண்டும். 300 கெல்வினில் இருந்து 600 கெல்வினுக்கு ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்காக அக ஆற்றலில் 3,741 ஜூல் சேர்கிறது. ஆக, நாம் கொடுக்க வேண்டிய வெப்பம் 6,235 ஜூல். வேலையாக வெளியே வந்தது அதில் நாற்பது விழுக்காடு மட்டும்.

வேலையின் அளவைப் பார்த்தால் அழுத்தம் மாறா வழி முந்துகிறது. வந்த வெப்பத்தில் எவ்வளவு வேலையானது என்று பார்த்தால் வெப்பநிலை மாறா வழி முந்துகிறது. இந்த முரண் வெறும் தேர்வுக் கணக்கு இல்லை. ஒரு பெரிய எந்திரத்தின் வடிவத்தையே அது மாற்றியது என்பதைப் பிறகு பார்ப்போம்.

அழுத்தம்–பருமன் வரைபடத்தில் இதே கதை கோடுகளாகத் தெரியும். அழுத்தம் மாறா நிகழ்வு கிடைக்கோடு. வெப்பநிலை மாறா நிகழ்வு கீழே சரியும் வளைகோடு. கோட்டுக்குக் கீழுள்ள பரப்பே வேலை. ஒரே புள்ளியிலிருந்து விரியும்போது கிடைக்கோடு மேலே இருப்பதால் அதன் பரப்பு அதிகம். அமுக்கும்போது நிலைமை தலைகீழ். வெப்பநிலை மாறாமல் வாயுவைப் பாதிப் பருமனுக்கு அமுக்க 1,729 ஜூல் உழைக்க வேண்டும். அழுத்தம் மாறாமல் குளிர்வித்துப் பாதியாக்க 1,247 ஜூல் போதும். ‘அழுத்தம் மாறா நிகழ்வில் வேலை எப்போதும் அதிகம்’ என்று மனப்பாடம் செய்துவிட வேண்டாம்.

தடுமாறும் இடங்கள்

முதல் தடுமாற்றம், வெப்பநிலை மாறவில்லை என்றால் வெப்பம் வரவில்லை என்று எண்ணுவது. வெப்பம் வராத நிகழ்வுக்கு வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று தனிப் பெயரே உண்டு. அதில் சுவர் வெப்பத்தைக் கடத்தாது. வாயு தன் கையிருப்பிலிருந்து செலவழித்து வேலை செய்வதால் குளிர்ந்துபோகும். வெப்பநிலை மாறா நிகழ்வில் வெப்பம் தாராளமாக வருகிறது; வந்த வேகத்தில் வேலையாக வெளியேறிவிடுவதால்தான் வெப்பநிலை நிற்கிறது. எவ்வளவு வெப்பம் வந்தாலும் வெப்பநிலை ஏறாததால், இந்த நிகழ்வில் வாயுவின் வெப்ப ஏற்புத்திறன் முடிவிலி.

இரண்டாவது, எந்த வெப்ப ஏற்புத்திறனை எங்கே போடுவது என்ற குழப்பம். ஹீலியத்துக்குப் பருமன் மாறாதபோது ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 12.47 ஜூல்; அழுத்தம் மாறாதபோது 20.79 ஜூல். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 8.314. ஒரு கெல்வின் சூடாகும்போது பிஸ்டனைத் தள்ளச் செலவாகும் வேலை அது. ஜூலியஸ் ராபர்ட் மேயர் 1842-ல் வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள மாற்று விகிதத்தைக் கணித்தது இந்த வேறுபாட்டைக் கொண்டுதான். வாயு உறிஞ்சும் வெப்பத்தைக் கணிக்க, அழுத்தம் மாறா நிகழ்வில் 20.79-ஐப் போட வேண்டும். அக ஆற்றல் மாற்றத்தைக் கணிக்க, எந்த நிகழ்வானாலும் 12.47-தான். அழுத்தம் மாறா நிகழ்வுக்குக்கூட இது பொருந்தும், ஏனென்றால் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே பார்க்கிறது.

மூன்றாவது, செல்சியஸ். 27 டிகிரி செல்சியஸில் உள்ள வாயுவை 54 டிகிரிக்குச் சூடேற்றினால் பருமன் இரட்டிக்காது. ஒன்பது விழுக்காடுதான் கூடும். இரட்டிக்க வேண்டுமானால் 327 டிகிரிக்குப் போக வேண்டும். 300 கெல்வினின் இரு மடங்கு 600 கெல்வின் என்று எழுதிக்கொண்டால் இந்தப் பிழை வராது.

நான்காவது, வேதியியல் வகுப்பில் முளைப்பது. ‘மாறாத வெளி அழுத்தத்துக்கு எதிராக வெப்பநிலை மாறா விரிவு’ என்று கணக்கில் இருக்கும். இரண்டும் ஒரே வரியில் வந்ததும் மாணவர் குழம்பிப்போகிறார். நம் உருளையைத் தொட்டியிலேயே வைத்து, பிஸ்டனைத் தாழ்ப்பாளால் பூட்டி, மேலே 50,000 பாஸ்கல் அழுத்தம் தரும் பாரத்தை மட்டும் வைத்துத் தாழ்ப்பாளைத் திறக்கிறோம் என்று கொள்ளுங்கள். பிஸ்டன் சட்டென எழும்பி, ஆடி அடங்கி, 50 லிட்டரில் நிற்கும். தொடக்கத்திலும் முடிவிலும் 300 கெல்வின். வெளி அழுத்தம் மாறவில்லை. ஆனால் வாயுவின் சொந்த அழுத்தம் பாதியாகிவிட்டது. ஆகவே இது அழுத்தம் மாறா நிகழ்வு ஆகாது. வேலையும் 1,247 ஜூல்தான், மணலைத் துகள் துகளாக எடுத்தபோது கிடைத்ததைவிடக் குறைவு. அழுத்தம் மாறா நிகழ்வு என்று சொல்ல வேண்டுமானால் மாறாமல் இருக்க வேண்டியது வாயுவின் அழுத்தம்.

ஐந்தாவது, இரண்டும் சேர்ந்தே மாறாமல் இருக்க முடியுமா என்பது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரில் அழுத்தமும் மாறுவதில்லை, வெப்பநிலையும் மாறுவதில்லை. வெப்பம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் அங்கே நடப்பது நீர் ஆவியாகும் நிலைமாற்றம். நல்லியல்பு வாயுவின் சமன்பாடு அதற்குப் பொருந்தாது. அடைபட்ட நல்லியல்பு வாயுவில் இரண்டையும் நிறுத்தினால் பருமனும் நின்றுவிடும். பிறகு நடப்பதற்கு ஒன்றுமில்லை.

வேகமும் ஒரு கேள்வி

தொட்டியில் இருக்கிறது என்பதற்காக மட்டும் வெப்பநிலை நின்றுவிடாது. வெப்பம் சுவரைக் கடந்து வர நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் பிஸ்டனை விரைவாக நகர்த்தினால், நிகழ்வு வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வை நெருங்கிவிடும். சைக்கிளுக்கு வேகமாகக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவது இதனால்தான்.

நியூட்டனே இங்கே சறுக்கியிருக்கிறார். ஒலி பரவும்போது காற்று அமுங்குவதையும் விரிவதையும் அவர் பாயில் விதிப்படி, அதாவது வெப்பநிலை மாறாமல் நடப்பதாகக் கொண்டு கணித்தார். அந்தக் கணக்குப்படி 0 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 280 மீட்டர். உண்மையில் அது ஏறக்குறைய 331 மீட்டர். ஒலி அலையில் அமுக்கமும் விரிவும் மாறி மாறி மிக விரைவாக வருவதால், அமுங்கிய இடத்துச் சூடு விரிந்த இடத்துக்குப் போய்ச் சேர நேரமில்லை. 1816-ல் லாப்லாஸ் அதைத் திருத்தியதும் கணக்கும் அளவீடும் ஒத்துப்போயின.

டீசல் மாற்றிக்கொண்ட முடிவு

வந்த வெப்பமெல்லாம் வேலையாகும் வழி இருக்கும்போது எந்திரங்களை ஏன் அப்படியே கட்டக்கூடாது? ருடால்ஃப் டீசல் கேட்டது இதைத்தான். 1892-ல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த எந்திரத்தில், காற்றை மிகக் கடுமையாக அமுக்கியே உச்ச வெப்பநிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு எரிபொருளைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, எரியும்போது வெப்பநிலை மேலும் ஏறாதபடி பிஸ்டனை விரிய விட வேண்டும். எரிதலே வெப்பநிலை மாறா நிகழ்வாக நடக்க வேண்டும். கார்னோ வகுத்த இலட்சிய சுழற்சியை எட்டிப்பிடிக்கும் திட்டம் அது.

தாளில் அழகாக இருந்தது. ஆனால் அதற்கு 250 வளிமண்டல அழுத்தம் வரை காற்றை அமுக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், விரியும் கோடு அமுக்கும் கோட்டை ஒட்டியே ஓடியது. இரண்டுக்கும் இடையிலுள்ள பரப்புதான் எந்திரம் நமக்குத் தரும் நிகர வேலை; அது மிகவும் ஒடுங்கிவிட்டது. பாகங்களின் உராய்வே அதைத் தின்றுவிடும். 1893-லேயே டீசல் இதை உணர்ந்து, எரிதல் நடக்கும்போது அழுத்தம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும் வழிக்குத் திரும்பினார். வெப்பநிலை ஏறினால் ஏறட்டும். வரைபடத்தின் கண்ணி அகலமாகிறது, ஒவ்வொரு சுற்றிலும் கையில் கிடைக்கும் வேலை கூடுகிறது.

1897-ல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் ஓடிய அவரது எந்திரத்தை மியூனிக் பேராசிரியர் மொரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்தார். செயல்திறன் சுமார் 26 விழுக்காடு. அக்கால நீராவி எந்திரங்களால் நெருங்க முடியாத அளவு. இன்றைய பாடநூல்களில் டீசல் சுழற்சியின் எரிதல் கட்டம் அழுத்தம் மாறா நிகழ்வாக வரையப்படுவதன் பின்னணி இது. இப்போதைய அதிவேக எந்திரங்களில் அந்தக் கிடைக்கோடு அவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை என்றாலும், முதல் தோராயமாக அதுவே இன்றும் கற்பிக்கப்படுகிறது.

கணக்கில் அடையாளம் காண

சோதனை எண்கள் கையில் இருந்தால், முதலில் ஒவ்வொரு வரிசையிலும் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கிப் பாருங்கள். எல்லா வரிசையிலும் அதே விடை வந்தால் வெப்பநிலை மாறவில்லை. பெருக்கல் மாறி, பருமனைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் அதே விடை வந்தால் அழுத்தம் மாறவில்லை. இரண்டும் பொருந்தாவிட்டால் அது மூன்றாவது ஏதோ ஒரு நிகழ்வு.

எண்கள் இல்லாமல் சொற்கள் மட்டும் இருந்தால் அவற்றைக் கூர்ந்து படியுங்கள். ‘வெப்பத்தேக்கத்துடன் தொடர்பில்’, ‘வெப்பத்தைக் கடத்தும் சுவர்’, ‘மிக மெதுவாக’ என்பவை வெப்பநிலையைப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டைச் சொல்கின்றன. ‘தடையின்றி நகரும் பிஸ்டன்’, ‘மாறாத பாரம்’, ‘வளிமண்டலத்துக்குத் திறந்தது’ என்பவை அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ஏற்பாட்டைச் சொல்கின்றன. ‘வெப்பம் கடத்தாத சுவர்’, ‘திடீரென’ என்று வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுக்குப் போங்கள். கேள்வித்தாளில் இந்தச் சொற்களுக்குக் கீழே முதலில் ஒரு கோடு போடுங்கள். சூத்திரத்தைப் பிறகு தேடலாம்.